வலேரி லியூகின்

வலேரி லியூகின் (பிறப்பு 1966), அன்றைய சோவியத் கசகஸ்தானின் அக்தியூபின்ஸ்க் நகரில் பிறந்த ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர். பின்னாளில் அமெரிக்காவில் பெயர்பெற்ற பயிற்சியாளர். 1987இல் மாஸ்கோவில் ஐரோப்பிய ஒட்டுமொத்தப் பட்டம் வென்றார். தரைப் பயிற்சியில் ஒரே தாவலில் மூன்று பின்குட்டிக்கரணம் அடித்த முதல் ஆண் இவரே. விதிநூலில் அந்த வித்தை இவர் பெயராலேயே வழங்குகிறது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் அணிக்கான தங்கம், விளாதிமிர் ஆர்த்தியோமவுடன் பகிர்ந்த ஒற்றைக் கம்பித் தங்கம், கூடவே இரண்டு வெள்ளி.

சிறந்த வீரர் சிறந்த பயிற்சியாளர் ஆவார் என்பதற்கு உறுதி ஏதுமில்லை. அவர் பயிற்றுவித்ததோ பெண்களுக்கு. ஆண்களின் ஆறு பிரிவுகளில் வால்ட், தரை இரண்டு மட்டுமே பெண்களுக்கும் உண்டு. ஆனாலும் அவர் தங்கம் வென்ற ஒற்றைக் கம்பிக்குப் பெண்களிடம் ஓர் உறவு இருக்கிறது. பெண்களின் ஏற்றத்தாழ்வுக் கம்பிகளுக்கு இடையிலான தூரம் காலப்போக்கில் கூடக் கூட, உடலை நீட்டி முழு வட்டம் சுழல்வதும், கம்பியை விட்டுப் பறந்து மீண்டும் பற்றுவதும் அங்கும் அடிப்படையாயின. லியூகின் கைமாற்றியது பதக்கத்தின் பெருமையை அல்ல, இந்தக் கம்பி அறிவையே என்பது என் கணிப்பு. 1994இல் எவ்கெனி மார்சென்கோவுடன் டெக்சாஸில் அவர் தொடங்கிய பயிற்சிக்கூடத்தில் வளர்ந்த மகள் நாஸ்தியா, 2008 பெய்ஜிங்கில் ஒட்டுமொத்தத் தங்கம் வென்றார். கம்பி இறுதியில் சீனாவின் ஹே கெக்சினும் அவரும் 16.725 என்ற ஒரே புள்ளியைப் பெற்றார்கள். சியோலில் சமப்புள்ளி தந்தைக்குத் தங்கம் தந்தது. சமனை உடைக்கும் விதி வந்துவிட்டிருந்த பெய்ஜிங்கில் மகளுக்கு வெள்ளிதான் கிடைத்தது.

தாய் அன்னா கோச்னேவாவும் ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் உலக சாம்பியன் ஆயிற்றே, இது பரம்பரைத் திறமைதானே என்று கேட்கலாம். வலுவான கேள்வி. ஆனால் ரத்த உறவு ஏதுமில்லாத ரெபெக்கா பிராஸும் இவரிடம் பயின்று, உலகப் போட்டியின் ஒட்டுமொத்தப் பிரிவில் 2009இல் வெள்ளியும் 2010இல் வெண்கலமும் பெற்றார். அதே கூடத்திலிருந்து 2004 ஒலிம்பிக் ஒட்டுமொத்தத் தங்கம் வென்ற கார்லி பேட்டர்சனுக்குப் பயிற்சியளித்தவர் மார்சென்கோ. ஆகவே அந்தக் கூடத்தின் புகழ் முழுவதையும் லியூகின் ஒருவருக்கே எழுதிவைப்பது நியாயமாகாது.

2016இல் மார்த்தா கரோலியை அடுத்து அமெரிக்கப் பெண்கள் அணியின் ஒருங்கிணைப்பாளரானார். பாலியல் கொடுமைகள் வெளிவந்து அந்த நாட்டு ஜிம்னாஸ்டிக்ஸ் அமைப்பே ஆட்டம் கண்டிருந்த 2018 பிப்ரவரியில் அப்பதவியிலிருந்து விலகினார்.