ஆங்கிலம் பேசும் நாடுகளில் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிகள்

கிறிஸ்தவ சமூகப் போதனையை அரசியல் கொள்கையாக ஏற்றுத் தேர்தல் களத்தில் நிற்கும் கட்சிகளைக் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிகள் என்பர். இவை தோன்றி வளர்ந்தது ஐரோப்பாவில். நெதர்லாந்தில் ஆபிரகாம் கைப்பர் 1879இல் தொடங்கிய கட்சி இவ்வகையில் ஒரு முன்னோடி. தொழிலாளர் நிலை குறித்துத் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891இல் வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' சுற்றுமடல் கத்தோலிக்கர்களின் அரசியலுக்கு அடித்தளம் இட்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் மேற்கு ஜெர்மனியைக் கொன்ராட் அடனாவரும் இத்தாலியை அல்சிடே டி காஸ்பெரியும் இத்தகைய கட்சிகளின் தலைவர்களாகவே ஆண்டனர்.

பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளிலோ கிறிஸ்தவப் பெயர் தாங்கிய எந்தக் கட்சியும் தேசிய ஆட்சியைப் பிடித்ததில்லை. அங்கே பக்தர்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. அவர்கள் முன்பே வேறு கட்சிகளில் இடம்பிடித்திருந்தார்கள். பிரிட்டிஷ் தொழிற்கட்சியின் நிறுவனர்களில் ஒருவரான கெய்ர் ஹார்டி பிரசங்கமும் செய்தவர். ஆஸ்திரேலியாவில் ஐரிஷ் வம்சாவளிக் கத்தோலிக்கத் தொழிலாளர்களின் கட்சி தொழிற்கட்சிதான். இதற்கு மேல் இந்நாடுகளில் பெரும்பாலானவற்றில் தேர்தல் விதி வேறு குறுக்கே நின்றது. தொகுதிக்கு ஒருவர், அதிக வாக்கு பெற்றவரே வென்றவர் என்றால், நாடு முழுவதும் சிதறிக் கிடக்கும் ஆதரவு எங்கும் இடமாக மாறாது.

ஆஸ்திரேலியா: பிளவில் பிறந்த கட்சி

இந்த நாடுகளில் ஆழமான தடம் பதித்தது ஆஸ்திரேலியாவின் ஜனநாயகத் தொழிற்கட்சி. இத்தாலியிலிருந்து குடியேறிய மெல்போர்ன் காய்கனிக் கடைக்காரரின் மகனான பி. ஏ. சந்தமரியா, தொழிற்சங்கங்களில் கம்யூனிஸ்டுகளின் பிடியைத் தளர்த்த 1940களில் ஒரு கத்தோலிக்க அமைப்பைக் கட்டினார். 'இயக்கம்' என்ற ஒற்றைச் சொல்லால் அறியப்பட்ட அதற்குப் பேராயர் டேனியல் மேனிக்ஸின் ஆசி இருந்தது. 1954 அக்டோபரில் தொழிற்கட்சித் தலைவர் எச். வி. எவாட் இந்தக் குழுவினரின் தலையீட்டைப் பகிரங்கமாகச் சாடினார். கட்சி உடைந்தது. பிரிந்து வந்த நாடாளுமன்றக் கீழவை உறுப்பினர்கள் ஏழு பேரும் 1955 டிசம்பர் தேர்தலில் தோற்றார்கள். சிட்னியில் கர்தினால் கில்ராய் கத்தோலிக்கர்களைத் தாய்க்கட்சியிலேயே இருக்கச் சொன்னதால் நியூ சவுத் வேல்ஸில் பிளவு பெரிதாகவில்லை.

1957இல் ஜனநாயகத் தொழிற்கட்சி என்று பெயர் சூட்டிக்கொண்ட அமைப்பு, கூட்டாட்சித் தேர்தல்களில் கீழவைக்கு ஒருவரைக்கூட அனுப்பவில்லை. ஆனாலும் அதன் கையில் ஆயுதம் ஒன்று இருந்தது. ஆஸ்திரேலிய வாக்காளர் வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று வரிசை எண் இட வேண்டும். கடைசியில் நிற்பவர் நீக்கப்பட, அவருடைய வாக்குச்சீட்டுகள் அடுத்த விருப்பத்துக்குரியவரிடம் போய்ச் சேரும். வாக்குச்சாவடி வாசலில் கட்சித் தொண்டர்கள் நீட்டிய மாதிரிச் சீட்டில் முதலிடம் தங்களுக்கு. லிபரல் கட்சிக்கு இடம் தொழிற்கட்சிக்கு மேலே. 1958இல் ஒன்பது சதவீதத்துக்கு மேல் பெற்ற வாக்குகள் இப்படிக் கைமாறின. 1961இல் லிபரல் பிரதமர் ராபர்ட் மென்சிஸின் அரசு மயிரிழையில் தப்பியதற்கும், 1972 வரை தொழிற்கட்சி எதிர்க்கட்சி வரிசையிலேயே அமர்ந்திருந்ததற்கும் இந்தக் கணக்கு ஒரு முக்கியக் காரணம்.

கட்சி விடாமல் கேட்ட சலுகை, திருச்சபைப் பள்ளிகளுக்கு அரசு நிதி. 1962 ஜூலையில் கூல்பர்ன் ஊரின் கத்தோலிக்கப் பள்ளி ஒன்றில் கூடுதலாக மூன்று கழிப்பறைகள் கட்ட வேண்டும் என்று அதிகாரிகள் சொன்னார்கள். பள்ளியிடம் பணம் இல்லை. ஊரிலிருந்த கத்தோலிக்கப் பள்ளிகள் எல்லாமே கதவைச் சாத்தின. ஏறத்தாழ 2,000 பிள்ளைகளின் பெற்றோர் அரசுப் பள்ளிகளில் இடம் கேட்டுப் போக, அங்கே இருந்த இடம் போதவில்லை. அடுத்த ஆண்டுத் தேர்தலில் மென்சிஸ், அறிவியல் ஆய்வுக்கூடம் கட்டத் தனியார் பள்ளிகளுக்கும் மானியம் தருவதாக வாக்களித்து வென்றார்.

1970 தேர்தலில் 11 சதவீத வாக்குடன் செனட்டில் ஐந்து பேரைப் பெற்ற கட்சி, 1974இல் அனைவரையும் இழந்தது. அதன் பின் வந்தவர்கள் பெரும்பாலும் புராட்டஸ்டன்ட் போதகர்கள். பிரெட் நைல் 1981இல் நியூ சவுத் வேல்ஸ் மேலவைக்குள் நுழைந்து, பிறகு தன் கட்சிக்குக் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி என்றே பெயர் மாற்றினார். 2002இல் அடிலெய்டில் போதகர் ஆண்ட்ரூ எவன்ஸ் முன்னின்று உருவாக்கிய 'ஃபேமிலி ஃபர்ஸ்ட்' கட்சியின் ஸ்டீவ் ஃபீல்டிங், 2004இல் விக்டோரியாவிலிருந்து செனட்டர் ஆனார். கட்சிக்கு நேரடியாக விழுந்தது இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. பசுமைக் கட்சிக்கு முன்னால் அவரை வைத்த தொழிற்கட்சியின் உபரி வாக்குகளே மீதியைத் தந்தன.

பிரிட்டன், அயர்லாந்து, வட அமெரிக்கா

அயர்லாந்தில் முக்கியக் கட்சிகள் எல்லாமே கத்தோலிக்கர்களின் கட்சிகளாக இருந்ததால் தனிக் கட்சிக்குத் தேவை எழவில்லை. ஐரோப்பியக் கிறிஸ்தவ ஜனநாயகர்களின் கூட்டணியான ஐரோப்பிய மக்கள் கட்சியில் ஃபினா கெய்ல் நெடுங்காலமாக அங்கம் வகிக்கிறது. பிரிட்டனில் டேவிட் ஆல்டன் உள்ளிட்டோர் 1990இல் அனைத்துக் கட்சியினருக்குமான ஓர் இயக்கமாகத் தொடங்கியதன் தொடர்ச்சியாக, 1999இல் கிறிஸ்தவ மக்கள் கூட்டணி தேர்தல் கட்சியாக உருவெடுத்தது. அதன் அப்போதைய தலைவர் ராம் கிடூமல், மொம்பாசாவில் சிந்தி இந்துக் குடும்பத்தில் பிறந்த தொழிலதிபர். 2000இல் லண்டன் மேயர் தேர்தலில் 42,060 முதல் விருப்ப வாக்குகளுடன் பசுமைக் கட்சி வேட்பாளரை முந்தி ஐந்தாம் இடம் பிடித்தார்.

கனடாவின் கிறிஸ்தவப் பாரம்பரியக் கட்சிக்கு டச்சு சீர்திருத்த சபைக் குடியேறிகள் பலம் சேர்த்தனர். 1988இல் முதன்முதலாகப் போட்டியிட்டு ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் வாக்குகளைத் திரட்டியும் ஒரு தொகுதிகூடக் கிட்டவில்லை. அமெரிக்காவில் 2011இல் தோன்றிய சாலிடாரிட்டி கட்சி, கருக்கலைப்பு எதிர்ப்பையும் தொழிலாளர் நலனையும் ஒரே அறிக்கையில் வைக்கிறது. அதிபர் தேர்தலில் அதன் பங்கு ஒரு சதவீதத்தைத் தொட்டதில்லை.

நியூசிலாந்தும் தென்னாப்பிரிக்காவும்

நியூசிலாந்து 1996இல் விகிதாசார முறையில் முதல் தேர்தலை நடத்தியபோது கிறிஸ்தவக் கட்சிகள் இரண்டு கைகோத்தன. கிடைத்தது 4.33 சதவீதம், தாண்ட வேண்டிய வரம்போ 5. ஓர் இடமும் இல்லை. அவற்றில் ஒன்றின் வாரிசு, மதச்சார்பற்ற பெயரோடு பீட்டர் டன்னின் கட்சியில் இணைந்து 'யுனைட்டெட் ஃபியூச்சர்' ஆனது. தொலைக்காட்சி விவாதம் ஒன்றில் டன்னுக்குக் கிடைத்த வரவேற்பு கைகொடுக்க, 2002இல் அது எட்டு இடங்களை வென்றது.

தென்னாப்பிரிக்காவில் அத்தகைய வரம்பே கிடையாது. 1993 டிசம்பரில் கென்னத் மெஷோ நிறுவிய ஆப்பிரிக்கக் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி, சில மாதங்களிலேயே நடந்த 1994 தேர்தலில் வெறும் 0.45 சதவீத வாக்குக்கு 400 பேர் கொண்ட அவையில் இரண்டு இடங்களைப் பெற்றது. 1996இல் நாட்டின் புதிய அரசியலமைப்பை எதிர்த்து வாக்களித்த ஒரே கட்சியும் அதுதான். மூன்று இடங்களுடன் 2024 தேர்தலிலும் அது நாடாளுமன்றத்துக்குத் திரும்பியது.