மென்னோனைட் குடும்ப வேளாண்மை

மென்னோனைட் குடும்ப வேளாண்மை என்பது, டச்சு நாட்டுப் பாதிரியார் மென்னோ சைமன்ஸின் (1496–1561) பெயரால் வழங்கும் கிறிஸ்தவ சமூகத்தார், சமயக் கொடுமைகளுக்குத் தப்பி நாடுவிட்டு நாடு குடிபெயர்ந்த காலத்தில் தமக்கென வகுத்துக்கொண்ட பயிர்த்தொழில் முறையாகும். இதன் பொருளாதாரத்தை ஆராய்பவர், ஏக்கருக்கு விளைந்தது எவ்வளவு என்பதைக் காட்டிலும், முதல் எங்கிருந்து வந்தது, வட்டி யார் கைக்குப் போயிற்று என்பதையே முதலில் வினவுதல் வேண்டும்.

இன்றைய போலந்தின் விஸ்துலா நதி முகத்துவாரத்துச் சதுப்பில் கரை கட்டி, நீர் வடித்துப் பயிர் செய்துவந்த இம்மக்களில் ஒரு பகுதியார், ரஷ்யாவின் இரண்டாம் கேத்தரின் அரசியின் ஆட்சியில் அழைப்புப் பெற்று, இன்றைய உக்ரைனில் அடங்கிய கோர்ட்டிட்சாவில் 1789இலும், அவர் காலத்துக்குப் பின்னர் மொலோச்னாவில் 1804இலும் குடியேறினர். மொலோச்னாவில் ஒரு முழுப் பண்ணையின் விஸ்தீரணம் 65 தெசியாத்தீன், அதாவது ஏறக்குறைய 175 ஏக்கர். அதைத் துண்டாடலாகாது என்பது விதி. ஆனால் தாய் தந்தையர் சொத்திலோ ஆண் பெண் பேதமின்றி மக்கள் யாவருக்கும் சமபங்கு உண்டு. இவ்விரண்டும் முரணாமல் நடந்தது 'வைசன்அம்ட்' என்னும் சபை அலுவலகத்தினால். பெற்றோரை இழந்த சிறுவர்களின் பங்குப் பணத்தை அது பாதுகாத்து, அதனையே ஊர்க் குடியானவர்களுக்கு வட்டிக்குக் கொடுத்து, பிள்ளைகள் வயது வந்ததும் கணக்குத் தீர்த்துக் கொடுத்தது. முதலும் வட்டியும் ஊரைவிட்டு வெளியேறாத இந்த ஏற்பாட்டையே இம்முறையின் உயிர்நாடி எனலாம். தரிசு உழவையும் மரம் வளர்ப்பையும் மொலோச்னாவின் முன்னோடி விவசாயி யோகான் கார்னீஸ் (1789–1848) கண்டிப்புடன் பரப்பியதால் மகசூல் பெருகிற்று. எனினும், நிலம் பிரிபடாமையால் 1860களில் குடும்பங்களில் பெரும்பாலானவை நிலமின்றி நின்றன என்னும் அவலத்தை மறைத்தல் நியாயமன்று.

1874 முதல் கான்சாஸ், மானிடோபா பிரதேசங்களுக்கும், 1922இல் மெக்சிகோவின் சிவாவா மாநிலத்துக்கும் பல்லாயிரவர் பெயர்ந்தனர். அவர்களுள் பலர் நாளடைவில் அண்டை விவசாயிகளைப் போன்றே பெரும் இயந்திரங்களைக் கைக்கொண்டனர். பென்சில்வேனியாவில் முன்பே வேரூன்றியிருந்த சுவிஸ் வம்சத்தாருள், பழைய ஒழுங்கைப் பேணும் கிராஃப்டேல் சபையாரோ, டிராக்டரை ஏற்றுக்கொண்டும் ரப்பர் டயரை விலக்கினர். இரும்புச் சக்கரம் பூட்டிய டிராக்டர் வயலில் உழும். சாலையில் மோட்டார் காருக்குப் பதிலாக ஓடாது. தொலைதூர நிலங்களைக் குத்தகைக்கு எடுத்துப் பண்ணையைப் பெருக்கும் ஆசைக்கும் அதுவே கடிவாளமாயிற்று. 1970களில் நிலத்தை ஈடுவைத்துக் கடன்பட்டு விரிவடைந்த அமெரிக்கப் பண்ணைகள் பல, வட்டி ஏறி நில மதிப்பு வீழ்ந்த 1980களில் ஏலத்துக்கு வந்தன. கூலிக்குப் பதில் குடும்ப உழைப்பும், காப்பீட்டுக்குப் பதில் சபையின் பரஸ்பர உதவியும் கொண்ட பண்ணைக்கு அத்தகைய கடன்சுமை குறைவு.

ஆயினும் குழந்தைகள் மிகுந்த இச்சமூகத்துக்கு நிலப்பசி தீர்ந்தபாடில்லை. பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் மாவட்டத்தில் நில விலை எட்டாத உயரத்துக்குப் போகவே, கிராஃப்டேல் சபைக் குடும்பங்கள் 1974 முதல் நியூயார்க் மாநிலத்து யேட்ஸ் மாவட்டத்தில் விலை மலிந்திருந்த பண்ணைகளை வாங்கிக் கறவை மாடுகளுடன் குடியேறத் தொடங்கின.