கையுறையின் எடை, குத்தின் வலு, கையின் காப்பு: வடசென்னைக் குத்துச்சண்டையை முன்வைத்து

1. பொருளும் எல்லையும்

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் எனத் துறைமுகத்தை ஒட்டி வடக்கே நீளும் பகுதிக்குக் குத்துச்சண்டை வெள்ளைக்காரன் காலத்தில் வந்து சேர்ந்து சொந்தச் சொத்தாக மாறிய கலை. சார்பட்டா, இடியாப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் என்ற பரம்பரைகளாக, அதாவது குத்துச்சண்டைக் குழுக்களாகப் பிரிந்து நின்று மோதினார்கள். ‘ரோஷமான ஆங்கிலக் குத்துச்சண்டை’ என்று சுவரொட்டி ஒட்டினார்கள். 1980-ல் முகமது அலி சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டை போட்டதும், 2021-ல் பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ வெளியானதும் பலர் அறிந்தவை. ஆனால் பரம்பரைகளின் பெருமையைப் பேசும் அளவுக்கு, வீரர்கள் கையில் மாட்டும் கிளவுஸைப் பற்றி நாம் பேசுவதில்லை.

கிளவுஸ் பெரிதானால் குத்தின் வலு குறையுமா, கை பிழைக்குமா என்ற இரண்டு கேள்விகளை மட்டும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

2. அவுன்ஸ் என்னும் அளவு

கிளவுஸின் மேல் அச்சிட்டிருக்கும் 10, 12, 16 என்பவை எடையைக் குறிப்பவை. கை நுழையும் இடத்தின் அகலத்துக்கும் அவற்றுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஓர் அவுன்ஸ் ஏறக்குறைய 28 கிராம். 10 அவுன்ஸ் கிளவுஸ் ஒன்று 283 கிராம். 12 என்றால் 340. 16 என்றால் 454. கூடுகிற எடையில் பெரும்பகுதி உள்திணிப்பாகவே சேர்கிறது. அமெச்சூர் போட்டிகளில் எடை குறைந்த பிரிவு ஆண்களுக்கும் பெண்களுக்கும் 10 அவுன்ஸ், கனமான பிரிவு ஆண்களுக்கு 12. தொழில்முறைச் சண்டையில் பொதுவாக வெல்டர்வெயிட் வரை 8, அதற்கு மேல் 10. பயிற்சிச் சண்டைக்கு (ஸ்பாரிங்) 14 அல்லது 16 என்பது உலகெங்கும் உள்ள வழக்கம்.

3. குத்தின் வலு

ஒலிம்பிக் வீரர்களின் குத்துகளை அளந்து 2005-ல் வெளியான ஓர் ஆய்வு, முஷ்டியின் சராசரி வேகத்தை நொடிக்கு 9.14 மீட்டர் என்றும், குத்தின் பின்னால் செயல்படும் நிறையை 2.9 கிலோ என்றும், விசையை 3,427 நியூட்டன் என்றும் கண்டது. இந்த 2.9 கிலோவைக் கவனிக்க வேண்டும். 10 அவுன்ஸிலிருந்து 16-க்குப் போனால் கூடுவது 170 கிராம். அதாவது ஆறு விழுக்காட்டுக்கும் குறைவு. அந்தக் கூடுதல் எடையைத் தள்ளுவதில் வேகம் சிறிது குறையும். ஒன்று கூட, மற்றொன்று குறைய, குத்து சுமந்து செல்லும் உந்தம் பெரிதாக மாறுவதில்லை. அதே ஆய்வில் கனமான வீரர்களின் அடி பலமாக இருந்ததற்கு முதன்மைக் காரணம், குத்தின் பின்னால் அவர்கள் கொண்டுவந்த நிறைதான். காலை ஊன்றி இடுப்பைத் திருப்பி அடி என்று வாத்தியார்கள் ஓயாமல் கத்துவதன் பொருளும் இதுவே.

மாறுவது அடி இறங்கும் நேரம். மேலே சொன்ன நிறையையும் வேகத்தையும் பெருக்கினால் வரும் 26.5 அலகு உந்தம் பத்து மில்லி நொடியில் நின்றால் சராசரி விசை 2,650 நியூட்டன்; தடித்த திணிப்பு அதைப் பதினைந்தாக நீட்டினால் சுமார் 1,770. மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. ஆனால் எதிராளியின் தலைக்குப் போய்ச் சேரும் மொத்த உந்தம் அப்படியே இருக்கிறது. தோல் கிழிவதும் புருவம் வெடிப்பதும் குறையலாம். தலை சுழல்வதும் மூளை அதிர்வதும் அதே அளவுக்குக் குறையும் என்று நம்பக் கூடாது. ‘பெரிய கிளவுஸ்தானே, பையன்களை விட்டு அடிக்கச் சொல்லலாம்’ என்ற எண்ணம் இதனால்தான் ஆபத்தானது.

4. கையின் காப்பு

எதிராளியின் தாடை வாங்கும் அதே விசையைக் குத்துபவனின் முஷ்டியும் வாங்குகிறது. வெறுங்கைச் சண்டையில் மண்டையைக் குத்தினால் கை உடையும். அந்தப் பயமே ஒரு கட்டுப்பாடாக இருந்தது. இங்கிலாந்தில் ஜாக் பிராட்டன் 1743 வாக்கில் பயிற்சிக்கெனக் கையுறையைக் கொண்டுவந்தார். 1867-ன் குவீன்ஸ்பெரி விதிகள் அதைப் போட்டிக்கே உரியதாக்கின. அதற்குப் பிறகு தலையைக் குறிவைப்பது எளிதானது. கையுறை முதலில் காத்தது குத்துபவனின் கையை என்பதே என் முடிபு.

ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் உரிய உள்ளங்கை எலும்புகள் மணிக்கட்டோடு இறுகப் பிணைந்தவை. நேர்க்குத்து அந்த இரண்டு முட்டிகளில் இறங்க வேண்டும். மோதிர விரல், சுண்டுவிரல் எலும்புகள் அசையக்கூடியவை. கையை வீசி அடித்து அடி சுண்டுவிரல் பக்கம் விழுந்தால், அந்த எலும்பு கழுத்துப் பகுதியில் முறியும். தெருச்சண்டையில் அடிக்கடி காணும் முறிவு இது. பயிற்சி பெற்றவர்களை வாட்டுவது வேறு: நடுவிரல் முட்டியின் மேல் தசைநாணை இருத்தி வைக்கும் பட்டை கிழிவது, மணிக்கட்டருகே மூட்டு தளர்வது, கட்டைவிரல் மூட்டின் இணைப்பு நார் அறுவது. இவற்றில் முட்டிக்கு மட்டுமே கிளவுஸின் திணிப்பு நேரடியாக உதவும். மணிக்கட்டையும் கட்டைவிரலையும் காப்பது உள்ளே சுற்றும் பேண்டேஜ். அமெச்சூர் விதிப்படி அதன் நீளம் 2.5 முதல் 4.5 மீட்டர். குட்டையான துணியை அவசரமாகச் சுற்றிக்கொண்டு 16 அவுன்ஸ் மாட்டுபவனைவிட, முழு நீளத்தை ஒழுங்காகச் சுற்றி 12 மாட்டுபவனின் மணிக்கட்டு பத்திரமாக இருக்கும்.

5. வடசென்னைச் சூழல்

இங்கே ஒரே ஜோடி கிளவுஸ் பலர் கைக்கு மாறுகிறது. கடற்கரைப் புழுக்கத்தில் வியர்வை ஊறிய ஃபோம் மறுநாள் பயிற்சிக்குள் உலர்வதில்லை. காசிமேட்டில் மீன் நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசில் பயிற்சிக்கு முன்னும் பின்னும் வைத்துப் பார்த்தால், ஏறிய எடை முழுவதும் ஈரம் என்பது தெரியும். அந்த எடை யாரையும் காக்காது. நாள்பட்ட ஃபோம் முட்டி இருக்கும் இடத்தில் அமுங்கிப் பள்ளமாகிறது. உறையின் மேல் 14 என்று எழுதியிருந்தாலும், அடி படும் இடத்தில் அது எட்டுக்கும் கீழே போயிருக்கலாம். மேலிருந்து கட்டைவிரலால் அழுத்தும்போது உள்ளே இருக்கும் முட்டி கட்டியாகத் தட்டுப்பட்டால், அதைக் கொண்டு ஸ்பாரிங் செய்யக் கூடாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பகலில் வலை இழுத்தும் வெல்டிங் பிடித்தும் சரக்கு ஏற்றியும் மாலையில் பயிற்சிக்கு வரும் இளைஞனுக்குக் கைதான் கூலி. முட்டி எலும்பு முறிந்தால் பல வாரம் வேலை இல்லை. போட்டியில் தோற்பதைவிடப் பெரிய இழப்பு அது.

6. முடிபு

மணல் மூட்டைக்கு 12 அல்லது 14, ஸ்பாரிங்குக்கு 16, போட்டி நெருங்கும்போது மட்டும் வேகமும் தூரமும் பழக 10 என்பதே இப்பகுதிக்குத் தகுந்த முறை. மூட்டைக்கும் ஸ்பாரிங்குக்கும் ஒரே ஜோடியைப் பயன்படுத்தக் கூடாது. மூட்டை திணிப்பைக் கொன்றுவிடும். வாத்தியார்களே, கிளவுஸ் வாங்கிய மாதத்தை அதன் மணிக்கட்டுப் பட்டையில் எழுதி வையுங்கள். பயிற்சிக் கூடங்களுக்கு உதவ நினைப்பவர்களே, கோப்பையும் போட்டிக் கிளவுஸும் தருவதற்கு முன், நான்கு ஜோடி 16 அவுன்ஸும் ஆளுக்கு ஒரு ஜோடி நீளமான பேண்டேஜும் வாங்கிக் கொடுங்கள்.