சி நிரலாக்க மொழியில் ஏரணச் செயற்குறிகள்

சி நிரலாக்க மொழியில் ஏரணச் செயற்குறிகள் என்பவை, நிபந்தனைகளின் மெய், பொய் நிலைகளைக் கொண்டு மெய் அல்லது பொய் என்னும் விடையைத் தரும் குறியீடுகள் ஆகும். வகுப்பறைகளில் இவை லாஜிக்கல் ஆப்பரேட்டர்கள் என்றே வழங்குகின்றன. உம்மை (&&), அல்லது (||), இல்லை (!) என இவை மூன்று. நிரலின் போக்கைத் தீர்மானிக்கும் இஃப், வைல், ஃபார் கூற்றுகளில் இவை பெரிதும் பயன்படுகின்றன. இக்கட்டுரையின் எடுத்துக்காட்டுகளில் மாறிகளின் பெயர்கள் தமிழில் தரப்பட்டுள்ளன.

மெய்யும் பொய்யும்

சி மொழியில் 0 என்பது பொய். 0 அல்லாத எந்த மதிப்பும், குறை எண் உட்பட, மெய். ஏரணச் செயற்குறிகளின் விடையோ 0 அல்லது 1 மட்டுமே. எனவே !5 என்பதன் மதிப்பு 0; !!5 என்பதன் மதிப்பு 1. 1989 ஆம் ஆண்டின் முதல் தரத்தில் மெய், பொய் மதிப்புகளுக்கெனத் தனித் தரவு வகை இருக்கவில்லை. 1999 ஆம் ஆண்டுத் தரத்தில் அது சேர்க்கப்பட்டது. ஆயினும் இச்செயற்குறிகளின் விடை இன்றும் முழு எண் வகையைச் சேர்ந்ததே.

மூன்று செயற்குறிகள்

&& இன் இரு புறமும் மெய்யானால் மட்டுமே விடை மெய். தேர்வெழுத வருகைப்பதிவும் கட்டணமும் இரண்டுமே வேண்டும் எனில், வருகை >= 75 && கட்டணம் == 1 என்று எழுதலாம். || இன் ஒரு புறம் மெய்யானாலே போதும். ! தனக்கு வலப்புறம் உள்ளதைத் தலைகீழாக்கும்.

கணித வகுப்பில் பழகிய 35 <= ம <= 100 என்ற எழுத்துமுறை இங்கு ஏமாற்றும். நிரல்மொழிமாற்றி பிழை எதுவும் சொல்லாமல் இதை ஏற்றுக்கொள்ளக்கூடும். முதலில் 35 <= ம என்பது 0 அல்லது 1 ஆகும்; இரண்டுமே 100 ஐ விடச் சிறியவை. ஆகவே ம இன் மதிப்பு 250 ஆக இருந்தாலும் விடை மெய்யே. 35 <= ம && ம <= 100 என்பதே சரியான வடிவம்.

இந்நிபந்தனையை மறுக்க வேண்டுமானால் உம்மை அல்லதாக மாறும்: ம < 35 || ம > 100. இவ்விதி, 1806 இல் மதுரையில் பிறந்த ஆங்கிலேயக் கணிதவியலாளர் அகஸ்டஸ் டி மார்கனின் பெயரால் அறியப்படுகிறது. மறுக்கும்போது && ஐ அப்படியே விட்டுவிடுவது தொடக்கநிலை மாணவர் நிரல்களில் மிகப் பரவலான பிழை. 35 ஐ விடக் குறைந்தும் 100 ஐ விட மிகுந்தும் ஒரே எண் இருக்க இயலாது.

பாதியில் நிற்கும் மதிப்பிடல்

இச்செயற்குறிகளின் தனிச்சிறப்பு இதுவே. இடப்புறம் எப்போதும் முதலில் மதிப்பிடப்படுகிறது. && இன் இடப்புறம் பொய்யானாலோ, || இன் இடப்புறம் மெய்யானாலோ விடை அப்போதே தெரிந்துவிடுவதால் வலப்புறம் தொடப்படுவதில்லை. இது வேகத்திற்கான உத்தி மட்டுமன்று. மொழியின் தரம் அளிக்கும் உறுதி.

எண்ணிக்கை != 0 && கூட்டுத்தொகை / எண்ணிக்கை > 50

இங்கு எண்ணிக்கை 0 எனில் வகுத்தல் நிகழ்வதே இல்லை. இரு பக்கங்களையும் இடம் மாற்றினால், ஏரணப்படி பொருள் ஒன்றுதான் எனினும், 0 ஆல் வகுக்க முயன்று நிரல் நின்றுவிடக்கூடும். ஒரு சுட்டு வெற்றுச் சுட்டா என்று இடப்புறம் பார்த்துவிட்டு, அது காட்டும் நினைவகத்தை வலப்புறம் படிப்பதும் இவ்வுறுதியை நம்பியே. மறுபுறம், வலப்புறத்தில் ++ போன்று மாறியின் மதிப்பை மாற்றும் செயலை வைத்தால், அது சில வேளைகளில் நடக்கும், சில வேளைகளில் நடக்காது.

& குறியுடன் குழப்பம்

ஒற்றை & மதிப்புகளின் பிட்களை ஒவ்வொன்றாக ஒப்பிடும் வேறொரு செயற்குறி. 1 && 2 இன் விடை 1; 1 & 2 இன் விடை 0, ஏனெனில் அவ்விரு எண்களுக்கும் பொதுவான பிட் இல்லை. மேலும் & பாதியில் நிற்பதில்லை.

இக்குழப்பத்திற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. சி மொழியின் முன்னோடியான பி மொழியில் & ஒன்றே இடத்திற்கேற்ப இரு பணிகளையும் செய்தது. ஆலன் ஸ்னைடரின் பரிந்துரையின் பேரில் &&, || ஆகியவை சி மொழியில் சேர்க்கப்பட்டன. பழைய நிரல்களை மாற்றுவது எளிதாக இருக்கும்பொருட்டு & இன் முன்னுரிமை == ஐ விடத் தாழ்ந்ததாகவே விடப்பட்டது என்று சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சி 1993 இல் விளக்கினார். அதன் விளைவாக, கொடி & 4 == 4 என்பது கொடி & (4 == 4) என்றே கொள்ளப்படுகிறது. முன்னுரிமையில் && ஆனது || ஐ விட உயர்ந்தது; ! இவையனைத்திலும் உயர்ந்தது. அதனால் !அ == ஆ என்பது (!அ) == ஆ என்றாகும். இவ்வரிசையை மனப்பாடம் செய்வதினும் அடைப்புக்குறி இடுவதே மேல்.

2003 லினக்ஸ் நிகழ்வு

2003 நவம்பரில் லினக்ஸ் கருனியின் மூலநிரல் நகல் ஒன்றில் அடையாளம் தெரியாத ஒருவர் இரண்டு வரிகளைச் செருகினார். அவ்வரிகள் வழக்கமான பிழைச் சோதனையைப் போலவே தோன்றின. && இன் இடப்புறத்தில், இயல்பாக யாரும் சேர்த்துத் தராத இரு விருப்பங்கள் தரப்பட்டுள்ளனவா என்ற சோதனை; வலப்புறத்தில் (பயனர்எண் = 0) என்ற பகுதி. == இருக்க வேண்டிய இடத்தில் = இருந்தது. எனவே அது ஒப்பிடவில்லை; பயனர் எண்ணை 0 ஆக்கியது. யுனிக்ஸ் வழி வந்த இயங்குதளங்களில் 0 என்பது முழு அதிகாரம் படைத்த ரூட் பயனரின் எண் ஆகும்.

பாதியில் நிற்கும் மதிப்பிடலே இங்குத் திரையாக அமைந்தது. அவ்விருப்பங்களைத் தராத எவருக்கும் வலப்புறம் இயங்காது என்பதால் பிறர் கண்ணில் எதுவும் படாது. தெரிந்து தந்தவருக்கோ, = செயலின் மதிப்பு 0, அதாவது பொய், என்பதால் பிழைச்செய்தியும் எழாமல் ரூட் அதிகாரம் கிட்டும். இம்மாற்றத்திற்கு முதன்மைக் களஞ்சியத்தில் பதிவு இல்லாததால், இரண்டையும் ஒப்பிட்டபோது அது கண்டுபிடிக்கப்பட்டு நீக்கப்பட்டது. முதன்மை மூலநிரலை அது எட்டவில்லை.

நிபந்தனைக்குள் = வந்தால் ஜிசிசி முதலிய நிரல்மொழிமாற்றிகள், கேட்டுக்கொண்டால், எச்சரிக்கை தருகின்றன. ஆனால் அப்பகுதியைக் கூடுதலாக ஓர் இணை அடைப்புக்குறிக்குள் இட்டால், நிரலாளர் வேண்டுமென்றே எழுதியதாகக் கருதி அவ்வெச்சரிக்கையை ஜிசிசி விட்டுவிடும். 2003 இன் அவ்வரியில் அந்த அடைப்புக்குறிகள் இருந்தன.