அன்சிபிள் மூலம் செய்தி வரிசை மேலாண்மை

அன்சிபிள் மூலம் செய்தி வரிசை மேலாண்மை என்பது, மேகக் கணிமையில் இயங்கும் செய்தி வரிசைகளை உருவாக்குதல், மாற்றுதல், நீக்குதல் ஆகிய பணிகளை அன்சிபிள் என்னும் தன்னியக்க மென்பொருளைக் கொண்டு செய்யும் முறையாகும். அமேசான் நிறுவனத்தின் எஸ்.கியூ.எஸ் சேவையில் இம்முறை பயன்படுகிறது.

பின்னணி

செய்தி வரிசை என்பது ஒரு நிரல் அனுப்பும் செய்தியை மற்றொரு நிரல் பெற்றுக் கையாளும் வரை சேமித்து வைக்கும் இடமாகும். பெறும் நிரல் சிறிது நேரம் இயங்காதிருந்தாலும் செய்தி தொலைவதில்லை. எஸ்.கியூ.எஸ் 2006 சூலையில் பொதுப் பயன்பாட்டிற்கு வந்தது. அன்சிபிள் 2012 இல் மைக்கேல் டிஹான் என்பவரால் வெளியிடப்பட்டது. 2015 இல் ரெட் ஹாட் நிறுவனம் அதனை வாங்கியது.

செயற்படும் முறை

வரிசையின் பெயரும் பண்புகளும் யாம்ல் வடிவக் கோப்பில் எழுதப்படுகின்றன. அன்சிபிள் அவற்றை மேகத்தில் உள்ள நிலையுடன் ஒப்பிட்டு, வேறுபடுவனவற்றை மட்டும் மாற்றுகிறது. எனவே ஒரே கோப்பைப் பலமுறை இயக்கினாலும் இறுதி நிலை ஒன்றே ஆகும்.

முக்கியப் பண்புகள்

* மறைவுக் காலம்: ஒரு நிரல் எடுத்த செய்தி பிற நிரல்களுக்குத் தெரியாதிருக்கும் காலம். இயல்பாக 30 நொடிகள். உச்ச அளவு 12 மணி நேரம். பணி முடிய ஆகும் நேரத்தைவிட இது குறைவாயின் அதே செய்தி மீண்டும் வழங்கப்படும். அதனால் ஒரே கட்டணம் இருமுறை பெறப்படவும் கூடும்.
* சேமிப்புக் காலம்: இயல்பாக 4 நாட்கள். இதனை 60 நொடிகள் முதல் 14 நாட்கள் வரை அமைக்கலாம்.
* தோல்வி வரிசை: குறித்த தடவைகள் எடுக்கப்பட்டும் கையாளப்படாத செய்திகள் இங்கு மாற்றப்படும். சாதாரண வரிசைகளில், செய்தியின் வயது அது முதலில் அனுப்பப்பட்ட நேரத்திலிருந்தே கணக்கிடப்படுகிறது. ஆகவே தோல்வி வரிசையின் சேமிப்புக் காலம் மூல வரிசையினதைவிட நீண்டதாக இருத்தல் வேண்டும். இல்லையெனில் பிழையை ஆராயும் முன்பே செய்தி அழிந்துவிடலாம்.
* வகை: சாதாரண வரிசை, வருகை ஒழுங்கைக் காக்கும் ஃபிஃபோ வரிசை என இருவகை உண்டு. பின்னது 2016 இல் அறிமுகமானது. ஒரு வரிசையின் வகையைப் பின்னர் மாற்ற இயலாது. புதிய வரிசையே உருவாக்கப்பட வேண்டும்.

கவனத்திற்குரியவை

கோப்பில் வரிசையின் நிலை "இல்லை" எனக் குறிக்கப்பட்டால், வரிசையும் அதிலுள்ள செய்திகளும் நீக்கப்படும். அவற்றை மீட்க முடியாது. நீக்கிய பெயரில் மீண்டும் வரிசை உருவாக்க 60 நொடிகள் காத்திருக்க வேண்டும். எனவே கோப்பை முதலில் சரிபார்ப்பு முறையில் இயக்கி, நிகழவிருக்கும் மாற்றங்களை அறிந்துகொள்வது நன்று.