களவு கொடுத்தவனும் காவல் மேரையும்

செங்கற்பட்டுச் சீமையின் நெற்களங்களில் பொலி அளக்கும் காலத்தில், அரசுக்குரிய மேல்வாரமென்றும் உழவருக்குரிய குடிவாரமென்றும் தானியம் பிரிவதற்கு முன்னரே, கோயிலுக்கும் கணக்குப்பிள்ளைக்கும் தச்சனுக்கும் கொல்லனுக்கும் உரிய பங்குகளோடு ஊர்க்காவலனாகிய தலையாரிக்கும் வட்டாரக் காவல் தலைவனாகிய பாளையக்காரனுக்கும் காவல் மேரையென்று ஒரு பங்கு எடுத்துவைக்கப்பட்டு வந்தது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பார்னார்டு என்னும் பொறியாளர் அச்சீமையின் ஏறக்குறைய 2,000 ஊர்களை ஆராய்ந்து எழுதுவித்த கணக்குகளில் இப்பங்குகள் ஊர்வாரியாகக் காணப்படுகின்றன.

இம்மேரையை வாங்கினவன், ஊரில் களவு போனால் பொருளை மீட்டுத் தரவேண்டும். மீட்க இயலாவிடில் அதன் கிரயத்தைத் தானே ஈடுசெய்யவேண்டும் என்பது சம்பிரதாயம். திருடனின் அடிச்சுவட்டைப் பின்பற்றிச் சென்று, அது அடுத்த ஊரின் எல்லைக்குள் புகுந்ததை மெய்ப்பித்துவிட்டால், பொறுப்பு அவ்வூர்க் காவலைச் சார்ந்தது. கோவளத்திலிருந்து மாமல்லபுரத்தைக் கடந்து, டச்சுக்காரர் துணி வாணிகம் நடத்திய சதுரங்கப்பட்டினம் வரை நீளும் மணற்கரையில் இந்தச் சுவடு பார்க்கும் வித்தை எவ்வளவு பயன்பட்டிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

ஆயினும் இவ்வேற்பாட்டைப் புகழ்ந்துகொண்டே போவது நியாயமாகாது. காவல்காரன் கள்ளனோடு கூடிக்கொண்டான், மேரை தராத ஊரில் களவை ஏவினான் என்னும் புகார்கள் கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) அதிகாரிகளிடம் ஏராளமாக இருந்தன. அதனினும் பெரிய குறை ஒன்றுண்டு: பொருளுடையவனுக்கே ஈடு கிடைத்ததேயன்றி, அக்களத்திலேயே உழைத்த நிலமற்ற பண்ணையாள், தன் முதுகில் விழுந்த அடிக்கு எவரிடம் சென்று என்ன பரிகாரம் கேட்டிருக்க முடியும்?

1763-இல் ஆற்காட்டு நவாபு இச்சீமையை ஜாகீராகக் (வருவாய் மானியமாக) கும்பினிக்கு அளித்தார். 1780-இல் ஹைதர் அலியின் படையெடுப்பால் அது பாழாயிற்று. 1794-இல் கலெக்டராக வந்த லயனல் பிளேஸ், பாளையக்காரரின் காவலுக்கு மீண்டும் உயிரூட்ட முயன்றார். 1802-ஆம் ஆண்டின் ஒழுங்குவிதியோ அக்காவலையும் அதன் மேரையையும் ஒழித்து, தரோகாக்கள் என்னும் போலீஸ் அதிகாரிகளை நியமித்தது. 1816-இல் தலையாரி திரும்பிவந்தும், 1859-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சம்பளம் பெறும் போலீஸ் படை அமைந்த பின்னர், காப்பவன் நஷ்டத்துக்கு உத்தரவாதி என்னும் கொள்கை மறைந்தே போயிற்று. குற்றம் சர்க்காருக்கு எதிரானதாக, வழக்கும் சர்க்காருடையதாக, அடிபட்டவனும் களவு கொடுத்தவனும் கூண்டேறிச் சொல்லிவிட்டு இறங்கவேண்டிய சாட்சிகளாயினர். காவல்காரனின் அக்கிரமத்தை நீக்கப் புகுந்தவர்கள் குடியானவனின் உரிமையையும் சேர்த்தே நீக்கிவிட்டது பெரும் அநீதியென்றே நான் கருதுகிறேன்.

இழந்தது மெல்லத்தான் திரும்பியது. வசூலான அபராதத்திலிருந்து ஈடு வழங்கலாம் என்று 1898-ஆம் ஆண்டுக் குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 545-ஆம் பிரிவு அனுமதித்தது. அபராதம் விதிக்கப்படாத வழக்கிலும் குற்றவாளியை ஈடு செலுத்தச் சொல்லலாம் என்று 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 357-ஆம் பிரிவு விரிவுபடுத்தியது. 2009 டிசம்பர் 31 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தமே பாதிக்கப்பட்டவர் யாரென வரையறுத்து, விடுதலைத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமையை அவருக்கு வழங்கி, குற்றவாளி அகப்படாதபோதும் அரசு நிதியிலிருந்து இழப்பீடு கோர வழிவகுத்தது. 2024 ஜூலை 1 முதல், புலனாய்வின் நிலையை 90 நாட்களுக்குள் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிப்பதும் போலீஸாரின் கடமையாயிற்று.

பழைய மேரையால் எதுவும் பெறாத பண்ணையாளின் பேரனும் இன்று செங்கற்பட்டில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் முன் உடற்காயத்துக்கு ஈடு கேட்கலாம். அந்த வகையில் இது பழைய காவலைவிட மேலானது. களவு கொடுத்தவனுக்கோ, போலீஸார் மீட்ட பொருளை நீதிமன்றத்தில் மனுச் செய்து பெறுவதே இன்றும் வழி. மீளாத பொருளுக்கு ஈடு சொல்லும் தலையாரி அவனுக்கு இல்லை.