வாசனைத் தூண்டில்

காட்டு விலங்கைக் கூண்டுக்கோ தானியங்கி கேமராவுக்கோ அருகில் வரவழைக்க வைக்கப்படும் மணப்பொருள். ஆடு, கோழி, இறைச்சி ஆகியவை இரை. அவை விலங்கின் பசியை நம்பி வைக்கப்படுபவை. வாசனைத் தூண்டில் அதன் ஆர்வத்தையும் எல்லை காக்கும் இயல்பையும் நம்புகிறது. இரண்டையும் ஒன்றாகக் கருதுவதால்தான் ஏமாற்றம் வருகிறது.

வட அமெரிக்காவில் தோலுக்காக விலங்கு பிடித்தவர்கள் வாசனைச் சுரப்பி, சிறுநீர், மீனெண்ணெய் ஆகியவற்றைக் கிளிசரினில் குழைத்து இதைத் தயாரித்தனர். எளிதில் ஆவியாகும் மணத்தைப் பிடித்து வைக்க எண்ணெயோ கொழுப்போ வேண்டும். புலிக்கு இது இயற்கையிலேயே வாய்த்திருக்கிறது. மரத்தின்மேல் அது பீய்ச்சும் திரவத்தில் கொழுப்பு கலந்திருப்பதால் மணம் நாள்கணக்கில் நிற்கும். அதில் 2-அசெட்டைல்-1-பைரோலின் இருப்பதைக் கண்டறிந்தவர் கொல்கத்தா உயிர்வேதியியலர் ரத்தன்லால் பிரம்மச்சாரி. பாசுமதி மணப்பதும் இதே மூலக்கூறால்தான். புணே மாவட்டத்தின் முள்ஷியில் விளையும் ஆம்பேமோஹர் அரிசியிலும் இது உண்டு.

கோயில்களில் சாத்தும் புனுகின் மணத்துக்குக் காரணம் சிவெட்டோன். இதன் அமைப்பை லியோபோல்ட் ருசிச்கா 1926இல் விளக்கினார். செயற்கைச் சிவெட்டோன் சேர்ந்ததாகச் சொல்லப்படும் 'அப்செஷன் ஃபார் மென்' செண்டை நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்குக் காட்சிசாலையில் 2003இல் சோதித்தபோது, 24 நறுமணங்களில் அதுவே சிவிங்கிப்புலிகளைச் சராசரியாக 11 நிமிடம் கட்டிப்போட்டது. பின்னர் குவாத்தமாலா காடுகளில் ஜாகுவார்களைக் கேமரா முன் நிறுத்தவும் பயன்பட்டது.

மகாராஷ்டிரத்தில் இது பெயர்பெற்றது யவத்மாள் மாவட்டப் பாண்டர்கவடாவில். 13 பேரைக் கொன்றதாகக் கருதப்பட்ட டி1 என்னும் அவனி பெண்புலியைத் தேடி, யானைகள், மோப்ப நாய்கள் ஆகியவற்றோடு இந்தச் செண்டும் வேறொரு பெண்புலியின் சிறுநீரும் தெளிக்கப்பட்டன. 2018 நவம்பர் 2 இரவு அது சுடப்பட்டது. உயிருடன் பிடிக்கும் திட்டம் நிறைவேறவில்லை. மணம் விலங்கை ஓரிடத்துக்கு அழைக்கலாம். மயக்க ஊசி எட்டும் தொலைவில் அதை நிற்கவைப்பது வேறு வேலை.

புணே மாவட்ட ஜுன்னர் வனக்கோட்டத்தில் கரும்புக்காட்டுச் சிறுத்தைகளைப் பிடிப்பது மராத்தியில் பிஞ்ஜரா எனப்படும் கூண்டு. அதன் தடுப்பறையில் ஆடோ கோழியோ கட்டப்படும். மனித வாடைக்குப் பழகி ஊரோரத்திலேயே வாழும் சிறுத்தைக்குப் புதுமணத்தைவிட ஆட்டின் கத்தல் வலுவான அழைப்பு. ஆனால் பிடிப்பது எளிதானதே சிக்கலுமாயிற்று. பிடித்தவற்றை வேறு காடுகளில் விட்ட 2001–2003இல், மனிதர் மீதான தாக்குதல் ஆண்டுக்குச் சராசரி 4லிருந்து 17ஆக உயர்ந்ததை வித்யா ஆத்ரேயா குழுவின் ஆய்வு காட்டியது. பிடிபட்ட பல சிறுத்தைகள் இன்று மாணிக்டோஹ் மீட்பு மையத்தில் உள்ளன.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பொறி வைப்பதையும் இரை காட்டி ஈர்ப்பதையும் வேட்டையாகவே வரையறுக்கிறது. புலி, சிறுத்தையைப் பிடிக்க மாநிலத் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் எழுத்துமூல ஆணை வேண்டும்.